கழுத்தில் இருந்த இரண்டு சக்கரங்கள்

பேட்டரியில் ஓடுகிற எந்தச் சாமானுக்கும் முதலில் தொலைவது பேட்டரி மூடிதான். எங்கள் வீட்டில் டார்ச்சுக்கு மூடி இல்லை, கடிகாரத்துக்கு இல்லை, ரிமோட்டுக்கு ரப்பர் பேண்டு. நீங்கள் பையில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்த வாத்தியத்துக்கும் கிடையாது. அடியில் இருக்கிற வெள்ளை டேப் நான் ஒட்டியது. அதைப் பிரித்துப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம் சார், அதில் ஒன்றும் இல்லை.

கிட்டார் மாதிரித் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கிற கீபோர்டு அது. ஒரு காலத்தில் ஓகோவென்று வந்தது, வந்த சுருக்கில் போயும் விட்டது. என் கணவர் ஓட்டல் பேண்டில் இதைத்தான் வாசித்தார். நான் அதே ஓட்டலில் டெலிபோன் ஆபரேட்டர். "கிட்டாரும் கீபோர்டும் வீட்டுக்குத் தெரியாம கல்யாணம் பண்ணிப் பெத்த பிள்ளை இது" என்று அவர்களுடைய டிரம்மர் கேலி செய்வார். பிள்ளை என்றது சரிதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவர் அதைத்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

அதன் குணங்களை நான் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். கட்டைகள் சின்னவை, குழந்தை விரலுக்குச் செய்தது போல இருக்கும். புல்லாங்குழல் என்று எழுதிய பொத்தானை அமுக்கினால் பிரஷர் குக்கர் மாதிரிக் கத்தும். வயலின் கொஞ்சம் பரவாயில்லை. ஸ்பீக்கர் அதன் வயிற்றிலேயே இருக்கிறது. வலது கை கட்டைகளை வாசிக்கும், இடது கை கழுத்தைப் பிடித்திருக்கும். கழுத்தின் நுனியில் இரண்டு சக்கரங்கள் உண்டு. ஒன்று சுரத்தை வளைப்பதற்கு. இடது கட்டைவிரலால் தள்ளினால் சுரம் அழுகிற மாதிரி நெளியும், விட்டால் தானாகவே நடுவுக்கு வந்து நிற்கும். பக்கத்துச் சக்கரம் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும். அது தானாகத் திரும்பாது. வைத்த இடத்தில் இருக்கும்.

பக்கவாதம் வந்து அவருடைய இடப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. கூப்பிடுவதற்கு நான் ஒரு மணி வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைச் சுவரில் வீசி அடித்தார். அப்புறம் என் நாத்தனார் வந்தாள். அவருக்கு ஒரே தங்கை. அலமாரிமேல் கிடந்த இதை எடுத்துத் துடைத்து அவர் வயிற்றின்மேல் வைத்தாள்.

"வாய் போனா என்ன அண்ணி, இது பேசும் பாருங்க" என்றாள்.

பேசியது. அடிக்கட்டை என்றால் தண்ணீர். நடுவில் இரண்டு சேர்த்தால் பெட்பேன். உச்சிக்கட்டை அவசரம், மூச்சு, வலி. நழுவி விழாமலிருக்கத் தோள்வாரைக் கட்டில் கம்பியில் கட்டினேன். கழுத்து அவருடைய இடது பக்கம் சுவரை ஒட்டிப் போகும். வலது கையை எவ்வளவு எட்டிப் போட்டாலும் கழுத்தில் பாதிதான் எட்டும். சக்கரங்கள் நுனியில் இருக்கின்றன. இதை நான் ஆரம்பத்தில் யோசிக்கவில்லை.

குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அவர் கூப்பிட்டார், நான் போனேன். டெலிபோன் எடுத்தே பழகின ஆள் நான், இதில் எனக்குச் சிரமம் இல்லை. குளிக்கும்போது தண்ணீர்க்கட்டை அடிக்கும். ஈரத்தலையோடு ஓடி வந்தால் டம்ளர் பக்கத்திலேயே, அவர் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கும். கண்ணாலேயே அதை எடுத்துக் கொடு என்பார். கொடுப்பேன். இதெல்லாம் யார் வீட்டில் இல்லை.

நாத்தனார் வாரக்கடைசியில் வருவாள். வந்தால் கட்டில் ஓரத்தில் ஏறிச் சுவரோடு ஒண்டி உட்கார்ந்துகொண்டு, அண்ணனுடைய இடது கை செய்ய வேண்டிய வேலையைத் தான் செய்வாள். அவர் வலது கையால் வாசிக்க, இவள் சக்கரத்தைத் தள்ளுவாள். தப்பாகத் தள்ளினால் சுரம் கோணிக்கொண்டு போகும், இரண்டு பேரும் சிரிப்பார்கள். அவருக்குப் பாதி முகம்தான் சிரிக்கும். நான் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டு கேட்பேன். முழுசு முழுசாகப் பாட்டு வரும். எனக்கு அவர் வாசித்ததெல்லாம் ஒற்றைக்கட்டை.

ஒரு நாள் அவள் போன பிறகு அதே இடத்தில் நான் ஏறி உட்கார்ந்தேன்.

"நான் தள்ளட்டுமா? சும்மா ஏதாவது வாசிங்க" என்றேன்.

சக்கரத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கட்டைகளிலிருந்து கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு வலித்தது. அதை மறைப்பானேன், வலித்தது. இறங்கும்போது என் விரல் பக்கத்துச் சக்கரத்தின்மேல் இருந்தது. அதைக் கீழே உருட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் போயிற்று.

அன்று மதியம் நிம்மதியாகத் தூங்கினேன். எழுந்து வந்து பார்த்தபோது படுக்கை நனைந்திருந்தது, அவர் நடுக்கட்டைகளை அமுக்கிக்கொண்டே இருந்தார். துணி மாற்றினேன், துடைத்துவிட்டேன், பவுடர் போட்டேன். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சக்கரத்தையும் ஏற்றி வைத்தேன்.

அதற்கப்புறம் எனக்கு ஓய்வு வேண்டும்போது இறக்குவேன், பிறகு ஏற்றுவேன். அவருக்குத் தெரியும். நான் கட்டிலின் அந்தப் பக்கம் போனாலே அவர் கண் என் கையோடு வரும். உச்சிக்கட்டையை அமுக்குவார், ஒன்றும் வராது. என்னைப் பார்ப்பார். முன்பெல்லாம் தண்ணீர் கொடுக்கும்போதுகூட டம்ளரைத்தான் பார்ப்பார் சார், என்னைப் பார்க்க மாட்டார்.

ஒரு தடவை நாத்தனார் வந்த நேரத்தில் ஏற்ற மறந்துவிட்டேன். "என்ன அண்ணி, சத்தத்தையே காணோம்?" என்றாள்.

"பழைய சாமான்தானே. சக்கரம் லூசாகி அதுவா இறங்கிடுது" என்றேன்.

அவள் சும்மா இருக்கிற ரகம் இல்லை. மறுநாளே ஒரு ரிப்பேர்காரரைக் கூட்டி வந்தாள். அவர் உருட்டிப் பார்த்துவிட்டு, "லூசா? இது துரு ஏறி இறுகிப் போயிருக்கும்மா. பலமா உருட்டினாத்தான் நகரும்" என்றார். எண்ணெய்கூட விடவில்லை. என் கணவர் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சக்கரத்துக்கும் என் முகத்துக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோனார். அவள், "வாசிக்கணுமாண்ணா? இதோ" என்று சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவர் வாசிக்கவில்லை. அவள் கிளம்பிப் போகும்போது அழுதார். "வயசாக ஆக அண்ணன் குழந்தையாயிட்டாரு" என்று எனக்குத்தான் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

நேற்றைக்கு நடந்ததைக் கேட்டீர்கள்.

அவருக்கு விழுங்குவது சிரமம். எல்லாவற்றையும் குழைய அரைத்துத்தான் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகு கொஞ்ச நேரம் நிமிர்த்தி உட்கார்த்தி வைக்க வேண்டும். டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நேற்று சாப்பாடு கொடுத்தேன், வாய் துடைத்தேன், உடனே படுக்க வைத்தேன். முதுகு வலி எனக்கு. அந்தப் பக்கம் போய்ச் சக்கரத்தை இறக்கினேன். இறுகித்தான் இருந்தது, ரிப்பேர்காரர் சொன்னது சரி. பலமாக உருட்டினேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் தூங்கப் போயிருந்தேன் என்று நாத்தனார் சொல்லியிருப்பாள். அவளிடம் நான் அப்படித்தான் சொன்னேன். சாயங்காலம் வந்தவள் அவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு கட்டையை அமுக்கினாள், சக்கரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நேராக உங்களிடம் வந்துவிட்டாள். கெட்டிக்காரி.

ஆனால் நான் தூங்கவில்லை சார். காபி போட்டு எடுத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். இருமல் வந்தது. பாதித் தொண்டையால் இருமினால் அந்த அறையைத் தாண்டிக் கேட்காது. முதலில் உச்சிக்கட்டையை அமுக்கினார். அமுக்கினார், அமுக்கினார். அப்புறம் பக்கத்துக் கட்டைக்கு வந்தார். பிறகு கை முழுக்க இறங்கி, கீழேயிருந்து மேலே, மேலேயிருந்து கீழே, ஒரு கட்டை மிச்சமில்லாமல் ஓடியது. அவ்வளவு வேகம் ஓட்டலில் வாசித்த நாட்களில்கூட நான் பார்த்ததில்லை. கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. முகம் நீலமாகிக்கொண்டு வந்ததை நான் கவனித்தேன், கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

ஏன் எழுந்து போய் நிமிர்த்தவில்லை என்று உங்கள் ஏட்டு காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். சின்ன வயது, கல்யாணம் ஆகாதவர் போலிருக்கிறது. எத்தனை வருஷக் குடித்தனம், ஒரு பாட்டு எனக்கென்று வாசித்ததில்லை. நேற்றுதான் என்னையே பார்த்துக்கொண்டு வாசித்தார். பாட்டுக்கு நடுவில் ஆள் எழுந்து போவது அவருக்கு ஆகவே ஆகாது, அதனால் கை நிற்கிற வரைக்கும் உட்கார்ந்து கேட்டேன்.