நடுப் பெடல்

பெடல் ஸ்டீல் கிட்டாரை முதல்முறை பார்ப்பவர்கள் அதை இஸ்திரி மேசை என்றுதான் நினைக்கிறார்கள். உங்கள் ஏட்டும் அப்படித்தான் கேட்டார். தப்பில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. நான்கு கால், மேலே பலகை, பலகையில் பத்துக் கம்பி. முன்னால் உட்கார்ந்து இடது கையால் ஓர் உருக்குத் துண்டைக் கம்பிமேல் நகர்த்த வேண்டும். வலது கை மீட்டும். இடது கால் பெடல்களை மிதித்துச் சுருதியை ஏற்றி இறக்கும். நன்றாக வாசித்தால் அது அழும். எங்கள் ஊர்ச் சாவு வீடுகளில் அழுவதைப் போல இல்லை, உண்மையாகவே அழும்.

எனக்குத் தெரிந்து பாளையங்கோட்டையில் இரண்டே இரண்டு. என்னுடையது 1974ஆம் வருடத்தது, அமெரிக்காவிலிருந்து மைத்துனர் அனுப்பியது. தேவசிகாமணியுடையது 1966. பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவை மூடியபோது வாங்கி வந்தான். பழையதில் ஒலி கனிந்திருக்கும் என்பான் அவன். என்னுடையதில்தான் சுருதி நிற்கும் என்பேன் நான். நாற்பது வருட நண்பர்கள். ஒரே சபை, ஒரே பெஞ்சு, பிரசங்கத்தில் ஒரே தூக்கம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் கிட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவேன். ஒரே பாட்டை ஆளுக்கொரு முறை வாசிப்போம். அவன் மனைவி ஞானசௌந்தரி அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டே தீர்ப்புச் சொல்வாள். எது யாருடையது என்று அவளுக்குத் தெரியாது.

"ரெண்டாவது வாசிச்சதுதான் அண்ணாச்சி நெஞ்சுல நிக்கி," என்பாள். அது அவனுடையதாக இருக்கும். வரிசையை மாற்றினால், "மொதல்ல வாசிச்சது." இப்படியே மூன்று வருடம். ஒருநாள் கிட்டார்களை மாற்றிக்கொண்டோம். என் 1974 ஜெயித்தது. வாசித்தவன் அவன்.

நான் முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். இரண்டு பொருள்களை ஒப்பிட்டால் மற்ற எல்லாம் சமமாக இருக்க வேண்டும். எங்களிடம் சமமில்லாதது அவனுடைய இடது கால். வெறுங்காலோடு பூனை மாதிரி மிதிப்பான். நான் ஷூ போட்டுத்தான் மிதிப்பேன். "தையல் மிஷினா ஓட்டுதீரு?" என்று கேட்பான்.

அவனுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி கிடையாது. ஒருமுறை செருப்பில் ஏறிய ஆணியோடு மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து, தரையில் ரத்தத்தைப் பார்த்து, "யாருக்குவே அடிபட்டிருக்கு?" என்று என்னைக் கேட்டான்.

ஒரு கல்யாணத்துக்காகக் களக்காடு போனபோது, பெடல்களுக்கு எண்ணெய் போடச் சொல்லி வீட்டுச் சாவியைத் தந்தான். எண்ணெய் போட்டேன். பிறகு நடுப் பெடலின் விளிம்பை அரத்தால் ராவிக் கூராக்கினேன். அரை மணி நேர வேலை.

ஐந்து வாரம் அதை மிதித்தான். தொந்தியைத் தாண்டித் தன் பாதத்தைப் பார்த்தே அவனுக்குப் பல வருடம் ஆகியிருக்கும். ரத்தம் அதிகம் வரவில்லை. வந்ததை நான் துடைத்தேன். ஆறாவது வாரம் ஞானசௌந்தரி, "எங்கனயோ எலி செத்துக் கெடக்கு, அண்ணாச்சி," என்றாள். மூவரும் தேடினோம். நான் பீரோவுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போதகர் ஆஸ்பத்திரிக்கு வந்து, இழந்த கால் பரலோகத்தில் காத்திருக்கும் என்று ஜெபித்தார். தேவசிகாமணி ஒரு கண்ணைத் திறந்து, "அது மட்டும் அங்கன தனியா என்ன செய்யுதாம்?" என்றான். எல்லோரும் சிரித்தோம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஞாயித்துக்கெழம வராம இருந்துராதயும் வே."

எனக்குக் கண் கலங்கியது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி வாசித்தோம். முதலில் அவன், என் கிட்டாரில், பெடலே இல்லாமல், உருக்குத் துண்டை மட்டும் நகர்த்தி. அடுத்து நான், அவனுடையதில், எல்லாப் பெடல்களோடும். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. "மொதல்ல வாசிச்சது," என்றாள் ஞானசௌந்தரி.

ஆக, காரணம் காலில் இல்லை, கையில். முதல் ஊகம் தவறுவது எந்தச் சோதனையிலும் சகஜம். அவன் விரல்களும் மரத்துப்போகத் தொடங்கியிருந்தன. போன வியாழக்கிழமை அவர்கள் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தபோது, அவனுடைய உருக்குத் துண்டை ராவிக்கொண்டிருந்தேன். மருந்துச் சீட்டை மறந்துவிட்டு ஞானசௌந்தரி திரும்பி வந்தாள். அரத்தைப் பார்த்தாள். மெதுவாகக் குனிந்து ஒவ்வொரு பெடலாகத் தடவினாள். நடுப் பெடலில் அவள் விரல் கிழிந்தது.

வெளியே போய்க் கதவைப் பூட்டினாள். நீங்கள் வரும்வரை நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். தேதி, இடம், அரம், எல்லாம் சரி. நான்தான் செய்தேன், கையெழுத்துப் போடுகிறேன். 'பொறாமையின் காரணமாக' என்று ஓரிடத்தில் இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. அவனைவிட நான்தான் நன்றாக வாசிப்பேன்.