பார்க்காத மாதத்துப் பூஜ்யம்

இந்த விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் வட்டார மருத்துவ அதிகாரி ஐயா அவர்களே, அவருக்கு வலப்புறம் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவி அவர்களே, இடப்புறம் அமர்ந்து என் பேச்சு எப்போது முடியும் என்று கடிகாரம் பார்க்கும் தலைமையாசிரியர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பதினொரு பெரியவர்களே, விரிப்பில் அமர்ந்திருக்கும் எண்பத்து மூன்று தாய்மார்களே (எண்ணிவிட்டுத்தான் மேடை ஏறினேன்!), உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. மளிகைப் பொட்டலத் தாளில் எழுத்துக்கூட்டிப் பழகியவள். ஆனாலும் பதினோரு ஆண்டுகளாக ஒரு நோட்டு எழுதி வருகிறேன். ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அன்று மாலையே இறைவனிடம் முறையிட அவர் பெயரை எழுதுவேன். எந்தத் தெரு, என்றைக்குப் படுத்தார், தினமும் குளிரா, ஒருநாள் விட்டு ஒருநாளா, என்றைக்கு எழுந்தார், எல்லாம் எழுதுவேன்.

"கடவுளுக்குத் தெரியாதா? அட்ரஸ் வேற எழுதணுமா?" என்பார் என் வீட்டுக்காரர்.

"அவருக்குத் தெரியும். எனக்கு மறந்துடுமே!" என்பேன்.

யாரது, அந்த ஓரத்தில்? "அக்கா, எங்க வீட்டுக்காரர் பேரும் இருக்கா?" இருக்கிறது தங்கச்சி, மூன்று முறை! கொசுவலையைத் தூக்கிக்கொண்டு மீன் பிடிக்கப் போனாரே, அந்த ஆண்டில் மட்டும் இரண்டு!

போன மாதம் நம் செவிலியர் தங்கையும் நானும் உட்கார்ந்து, மலேரியாவில் நடுங்குவதுபோல் ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கியவர்களை ஆண்டு ஆண்டாகக் கூட்டினோம். முதல் ஆண்டு நூற்றுப் பதினெட்டு. வலை வந்த ஆண்டு எழுபத்திரண்டு. தண்ணீர் தேங்கும் செங்கல் சூளைப் பள்ளங்களை மூடிய ஆண்டு முப்பத்தொன்று. ரத்தம் சோதிக்கும் கூடமும் தம்பியும் வந்தபின் பதினான்கு, ஒன்பது, நான்கு! என்ன விந்தை அம்மா இது! நனைந்த போர்வைகள் எத்தனை, நடுங்கிய கைகள் எத்தனை, அத்தனையும் அழுத கண்ணோடு நான் எழுதியவை. அவை வரிசையில் நின்று படிப்படியாய் இறங்கி வந்தன. மழை பிடித்த மூன்றாம் வாரம் காய்ச்சல் ஏறுகிறது, ஆண்டு தவறாமல்! எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. மண்ணுக்கும் மழைக்கும் மனிதனுக்கும் இப்படியொரு கணக்கை வைத்தவன் எவன்?

சென்ற ஆண்டு, நம் ஊர் மருத்துவமனைப் பதிவேட்டில் மலேரியா பூஜ்யம். அதற்குத்தான் இந்த விழா. அதைக் காட்டித்தான் அடுத்த மாதம் பரிசோதனைக் கூடத்தை மூடப் போகிறார்கள். என் நோட்டிலோ அப்படி நடுங்கியவர்கள் ஏழு பேர்!

"இது எப்படிம்மா?" என்றேன். தங்கை தலை குனிந்தார்.

"அஞ்சு மாசம் தம்பிய வேற ஊருக்கு அனுப்பிட்டாங்கக்கா. ஒருத்தர் ரத்தமும் எடுக்கல. கட்டத்தைக் காலியா விட்டா பதிவேடு திரும்பி வந்துடும். அதான் பூஜ்யம் போட்டேன்."

"பாக்காமலேயா?"

"பாக்காமத்தான். மேடையில சொல்லுங்கக்கா."

அந்த நேர்மைக்குக் கைதட்டுங்கள்!

அந்த ஐந்து மாதம் எது? மழை மாதம்! ஏழு பேரில் ஒருவர் தையல்காரர் மனைவி, எட்டு மாதக் கர்ப்பிணி. இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போய்ச் சோதித்தார். மலேரியா. நகரத்துக் கணக்கில் ஒன்று ஏறியது. நம் கணக்கில் பூஜ்யம்! இறையருளால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மற்ற ஆறு பேருக்கு வந்தது என்ன? எனக்குத் தெரியாது. ஐயாவுக்குத் தெரியுமா? தெரிந்துகொள்ளத்தானே அந்தக் கூடம்! பூஜ்யம் வரட்டும், பூரிப்போடு வரவேற்போம். ஆனால் ஒவ்வொரு துளியையும் பார்த்தபின் வரட்டும்! தேடியபின் வரட்டும்! தெளிந்தபின் வரட்டும்!

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். ஐயா, மழைக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. கூடம் இருக்குமா, இருக்காதா? வரும் செவ்வாய்க்குள் ஒரு வரி எழுதிச் சொல்லுங்கள்.