நான்காம் பாகத்தில் நிஜமாக விழுந்தவர்

அன்புள்ள திருமதி லண்ட்குவிஸ்ட் அவர்களுக்கு,

முதல் சோதனைக் காட்சியன்று பர்பேங்க் அரங்கின் கடைசி வரிசையில் நான்கு பேர் இருந்தோம். சுவரோரம் இயக்குநர் டெஸ்மண்ட். அவரை அடுத்து ஸ்டுடியோ தலைவி மார்லின். வழியோரம் தயாரிப்பாளனான நான். எனக்கும் மார்லினுக்கும் நடுவே உங்கள் கணவர் டோபி, மடியில் பாப்கார்னுடன். டூப் போடுகிறவர்களை இதற்கெல்லாம் யாரும் அழைப்பதில்லை. நான் அழைத்தேன். உழைப்பவனை மதிக்க வேண்டும் என்று எங்கள் நெப்ராஸ்காப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

'சாம்பல் கோள்' படத்தின் நான்காம் பாகம் அன்று செத்த பாம்பாகக் கிடந்தது. மூன்றாம் பாகத்தில் இறந்த நாயகனை எழுப்பி நிறுத்தியிருந்தோம்; ஜனங்கள் சிரித்தார்கள். படம் முடிந்ததும் வழக்கம்போலச் சிலரை இருக்கச் சொல்லிக் கருத்துக் கேட்டோம். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண்மணி சொன்னார்:

"எல்லாம் கம்ப்யூட்டர் பொம்மை. அவ்ளோ பெரிய கோபுரத்துலேர்ந்து விழுறான், எனக்குப் பக்குனுகூட இல்ல. ஒருத்தன் நிஜமா விழட்டும், அப்புறம் பேசுங்க."

டோபி என் காதருகே சிரித்தார். "அந்தக்கா என்னத்தான் கூப்பிடுது பாஸ்."

"விழுவியா?"

"விழத்தானே சம்பளம் தர்றீங்க? இடுப்புல கட்டிப் பிடிக்கிற கேபிள மட்டும் நல்லதாப் போடுங்க."

நல்ல கேபிள்தான் போட்டோம். டோபி இரண்டு முறை அழகாக விழுந்தார். சிக்கலே அதுதான். தன்னைப் பிடித்துக்கொள்வார்கள் என்று தெரிந்தவனின் முகம் அது. திரையில் அந்த நிம்மதி அப்படியே தெரிந்தது. கீழே விரித்திருந்த காற்று மெத்தை கேமரா சட்டகத்தில் தெரிகிறது என்று சொல்லி அதை அகற்றச் செய்தேன். எல்லோரும் காபிக்குப் போனபோது விழுபவரைப் பாதியில் பிடித்து நிறுத்தும் கேபிள் உருளையின் பிரேக்கை நானே தளர்த்தினேன். டோபியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முகம் மறுபடி கெட்டுப்போயிருக்கும்.

மூன்றாம் முறை விழுந்து டோபி இறந்ததை விசாரித்தவர்கள், பிரேக் தானாக நழுவியது என்று எழுதிவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. அவர்கள் பாவம், சினிமா தெரியாதவர்கள்.

இரண்டாம் சோதனைக் காட்சியில் அதே பெண்மணி இருக்கையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். படத்தில் டோபி விழும் அந்தக் காட்சி ஒன்றுதான் தேறியது. கடைசியில் 'டோபியின் நினைவுக்கு' என்று போட்டும் பார்த்தோம். வீட்டுக்குப் போகும்போது மனசு பாரமாகிறது என்று பலர் எழுதியதால் எடுத்துவிட்டோம்.

நேற்று நீங்கள் தொலைபேசியில் கேட்டீர்கள்: "அந்த விழுற காட்சிய மட்டும் வெட்டிடுங்க சார். என் புள்ளைங்க அதப் பாக்கக் கூடாது." முடியாது என்று உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை வெட்டினால் மிச்சம் படமே இல்லை. விபத்தில் வீணாகப் போய்விட்டாரே என்ற வேதனையாவது உங்களுக்கு வேண்டாம் என்றுதான் உண்மையை எழுதினேன். வீணாகவில்லை, நன்றாக யோசித்தே செய்தேன். ஐந்தாம் பாகத்தில் அதே காட்சி நாயகனின் கனவாக வருகிறது. சம்மதத் தாளை உள்ளே வைத்திருக்கிறேன், கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
வாரன் ஹாஸ்கல்

(ஒட்டிவிட்ட பிறகு நினைவுக்கு வந்ததால் உறையின் பின்பக்கம் எழுதுகிறேன், தபால்காரர் வாசலில் காத்திருக்கிறார். பிள்ளைகளைப் பெரிய திரையில் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் அப்பா முகம் சரியாகத் தெரியாது.)