டவர் கிடைக்காத வீடு

செப்புத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் ஈயம் நன்றாகப் பிடிக்கும். உங்கள் மேஜையில் இருக்கும் அந்தத் தகட்டையும் அப்படித்தான் தேய்த்தேன், ஐயா. புளி எடுத்துக் கொடுத்தவள் என் மனைவி வேல்விழி.

நான் சர்க்யூட் போர்டு அச்சடித்துச் செய்பவனல்ல. வெறும் தகட்டின்மேல் ஐ.சி. சில்லை மல்லாத்தி ஒட்டி, காலோடு காலை நேராகப் பற்றவைப்பேன். அதிர்வெண் கூடக் கூடக் கம்பி குட்டையாக இருக்க வேண்டும்.

"செத்த கரப்பான் மாதிரி கெடக்கு. இது பாடுமாக்கும்?" என்று சிரித்தாள். ரேடியோ என்று நினைத்திருந்தாள். அது செல்போன் சிக்னலை மறிக்கும் கருவி.

சின்னமனூர் தாண்டி, திராட்சைத் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. கல்லூரி லேப்பில் வேலை முடிந்து நான் வரும்போது, வேல்விழி உத்தமபாளையத்தில் இருக்கும் தன் அக்கா உமாதேவியோடு போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பாள். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிடும். அதில் எனக்கும் கொஞ்சம் வேண்டும் என்று நினைத்தேன். புருஷன் நினைக்கக்கூடாததா?

கருவியை மரப் பீரோவுக்குள் வைத்தேன். அவள் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினாள்; பவரைக் கூட்டினேன். பந்தலுக்கடியில் போய்ப் பேசினாள், இன்னும் கூட்டினேன். பிறகு போனை ஜன்னலில் போட்டுவிட்டு என் அருகில் உட்காரத் தொடங்கினாள். பேச்சு குறைவுதான். ஆனாலும் அருகில் இருந்தாள்.

அவளுக்கு இளைப்பு உண்டு. கல்யாணத்தின்போதே சொல்லித்தான் கொடுத்தார்கள். சம்பவத்தன்று பக்கத்துத் தோட்டத்தில் பூச்சிமருந்தடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மூச்சு வாங்க உள்ளே வந்து கட்டிலில் சாய்ந்தாள்.

"ஏங்க... நூத்தியெட்டுக்கு அடிங்க..."

பைக் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது; விசாரித்துக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைக்க ஒரு நொடி போதும். ஆனால் பீரோ அவள் கண்ணெதிரே இருந்தது. திறந்தால் தெரிந்துவிடும். அதனால், லைன் போகாத போனிலிருந்து திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வியர்த்துக் கொட்டியது. முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள்.

"டவர் இல்லாட்டி... நீங்க என்ன செய்வீக..."

அவள் கண் சொருகிய பிறகுதான் பீரோவைத் திறந்து சுவிட்சை அணைத்தேன். உடனே லைன் கிடைத்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் சீக்கிரமாகவே வந்தார்கள். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

அவளுக்கு உடுத்திவிடச் சேலை எடுக்க உமாதேவி பீரோவைத் திறந்திருக்காவிட்டால் இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்க மாட்டேன். இப்போது கேட்கிறீர்கள், சொல்கிறேன். நான்தான் அவளைச் சாகவிட்டேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. கடைசி மூச்சுவரை அவள் என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. எங்களுக்குள் அவ்வளவு நம்பிக்கை இருந்தது.