சுவருக்கு அந்தப்பக்கத்து நியூட்ரல்

எந்த வீட்டில் சுவரைத் துளைத்தாலும் முதலில் கீழே பழைய செய்தித்தாளை விரித்துவிடுவேன். ஒரு பொட்டுத் தூசி தரையில் விழாது. எலக்ட்ரீசியன் வேலையில் முப்பத்தைந்து வருடம் ஓட்டிவிட்டேன், ஒருவரும் குறை சொன்னதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

அந்த வீடு ஒரு காலத்தில் ஒரே வீடு. அப்பா போனதும் அண்ணனும் தம்பியும் நடுக்கூடத்தில் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். தனி வாசல், தனி மீட்டர். ஆறு வருடமாக முகத்தில் விழிப்பதில்லை. தம்பி மனைவி மதிய வேளையில் ஃபோன் வழியாகப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுப்பவர். ஸ்மார்ட் லைட் ஆசை அவருக்குத்தான். வாயால் சொன்னால் விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான்.

கூடத்து ஸ்விட்ச் போர்டைக் கழற்றினேன். அந்தம்மா எட்டிப் பார்த்தார். இந்த விஷயத்தை எங்கேயோ படித்துவிட்டு வந்திருந்தார்.

"என்னண்ணே, ரெண்டே வயர் கிடக்கு? நியூட்ரல் எங்க? எந்த முட்டாள் இந்த வீட்டுக்கு வயரிங் பண்ணான்?"

நியூட்ரல் என்பது கரண்ட் திரும்பிப் போகும் வயர். பழைய ஸ்விட்சுக்கு அது தேவையில்லை, விளக்குக்குக் கொடுத்தால் போதும். புது ஸ்விட்ச் எந்நேரமும் விழித்திருப்பது. அதற்கும் ஒன்று வேண்டும். அந்தக் காலத்தில் யாரும் ஸ்விட்ச் பெட்டிவரை நியூட்ரல் இழுத்ததில்லை. நானும் இழுக்கவில்லை.

ஆமாம், அந்த வீட்டுக்கு வயரிங் செய்தவன் நான்தான். இருபத்தொன்பது வருடம் ஆகிறது. தம்பி அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார். அண்ணன், அதாவது பெரியவர், டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார்.

"பழைய காலத்து ஆளுங்கம்மா" என்றேன். பொய் இல்லையே.

"இப்ப சுவரை உடைக்கணுமா? அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் ஸ்டூல் மேல் நின்றிருந்தேன். மனசு சுருக்கென்றது. என் வயரிங்குக்காக ஒரு சுவர் உடைபடுவதா? "உடைக்காமலே முடிச்சுத் தரேன்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் போர்டுக்கு நேர் பின்னால், சுவரின் அந்தப்பக்கம், பெரியவர் வீட்டுச் சுவர் விளக்கு இருக்கிறது. செய்தித்தாளை விரித்தேன், ஒரு துளை போட்டேன். பெரியவருடைய நியூட்ரலைக் காதும் காதும் வைத்த மாதிரி இந்தப்பக்கம் இழுத்து மாட்டினேன். விளக்குகள் ஜோராக எரிந்தன. அந்தம்மா கைதட்டினார்.

பெரியவருக்கு ஒரு பழக்கம். தீப்பிடித்துவிடும் என்ற பயத்தில், மதியம் தூங்கப்போகும் முன் மெயினை அணைத்துவிடுவார். அது கரண்ட் வரும் வயர், நியூட்ரல் இரண்டையும் சேர்த்தே துண்டிக்கிற பழைய மெயின். அதனால் சரியாக இரண்டு மணிக்குத் தம்பி வீட்டுக் கூடம் இருண்டுவிடும். மூன்றரைக்குத் தானாகத் திரும்பி வரும். பாதி வகுப்பில் அந்தம்மா எனக்கு ஃபோன் போடுவார். நானும் போய் அவருடைய செல்ஃபோனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பேன்.

"நெட்டும்மா. அதுக்கும் மதியத்துல கண்ணு சொக்குது போல."

இதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. மறைக்கவில்லை. புத்திசாலி விளக்குதானே, சமாளிக்கட்டும் என்று நினைத்தேன்.

ஒருநாள் கேட்டருகே பெரியவர் மடக்கினார்.

"என்னப்பா, நீ போட்ட வயரிங்கையே அவ முட்டாள் வேலைங்கறா, நீயும் தலையாட்டுறியா? ஜன்னல் வழியா எல்லாம் கேட்டுச்சு. யாருன்னு நான் சொல்லிடட்டுமா?"

"நீங்கதான் அவங்ககூடப் பேசறதில்லையேண்ணே."

"பேசிட்டாப் போச்சு" என்று சிரித்தார்.

நல்ல மனிதர். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

பிறகு அவரே ஃபோன் செய்தார். சுவர் விளக்கின் ஹோல்டர் கருகிவிட்டது, வந்து மாற்றிவிட்டுப் போ என்றார். எனக்கு அன்று வேறு வேலை இல்லை.

"கை வேலையா இருக்கேண்ணே. மெயினை அணைச்சுட்டு நீங்களே மாத்திடுங்க."

"டெஸ்டர் வச்சுப் பார்க்கணுமா?"

"மெயினே ஆஃப்ல இருக்கு, டெஸ்டர் எதுக்கு?"

அவர் மெயினை அணைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தம்பி வீட்டுக் கரண்ட் என் துளை வழியாக வரும், திரும்பிப் போக வழியில்லாமல் அந்த வயரிலேயே நிற்கும். யாராவது கை வைக்கும்வரை நிற்கும். எனக்கும் தெரியும். முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவனுக்கு அதுகூடத் தெரியாதா? பெரிய ஷாக் ஒன்றும் இல்லை, சுருக்கென்று கடிக்கும், அவ்வளவுதான். பெரியவர் விழுந்தது அவர் வீட்டு ஸ்டூலின் கோளாறு. அதன் ஒரு கால் ஆடும் என்பதும் எனக்குத் தெரியும். அங்கே போகும்போதெல்லாம் அதில் ஏறியிருக்கிறேன்.

இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடியது தம்பிதான், ஆறு வருடத்தில் முதல் தடவையாக. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தன் கூடத்துக்கே அண்ணனைக் கொண்டுவந்து கிடத்திக்கொண்டார். அந்தம்மா வேளாவேளைக்குச் சாப்பாடு ஊட்டுகிறாராம். நான் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் எத்தனை வருடம் நின்றிருக்குமோ. ஆனால் பேச ஆரம்பித்த பெரியவர் முதலில் எதைச் சொன்னார் தெரியுமா?

அன்று சாயங்காலமே ஃபோன் வந்தது. "அந்த முட்டாள் நீங்கதானாண்ணே?" என்றார் அந்தம்மா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சிரித்தார். அதுதான் தாங்கவில்லை.

துளை போட்டது நான். ஃபோனில் அப்படிச் சொன்னதும் நான், தெரிந்தேதான் சொன்னேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இருங்கள், நாலாவது வரியில் 'குறைபாடுள்ள பழைய வயரிங்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள் ஐயா. செய்யாத தப்புக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.