மாடி வீட்டுக்கு வந்த அலமாரி

...புரியலைன்னா கேளுங்கன்னுதானே சொல்றேன்! புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டு ஆட்டுன்னு ஆட்டிட்டு, அப்புறம் போய் நேர்மாறா ஒண்ணச் செஞ்சா நான் என்னதான் பண்ணுவேன், நீங்களே சொல்லுங்க. இருங்க இருங்க தம்பி, அத அப்படியே சுவத்துல சாச்சு வைங்க. மாடிக்குத்தான், தெரியும். சீட்டுலயே போட்டிருக்கு பாருங்க, 'மாடி வீடு, டிரைவிங் மாஸ்டர்'னு. நான் கீழ் வீடு. வீட்டுக்காரன். இந்த வீடு, அந்த மாடி, நீங்க கால் வச்சிருக்கிற இந்தப் படி, எல்லாம் என்னோடதுதான். அதனாலதான் சொல்றேன், ஒரு நிமிஷம் நில்லுங்க. ஒரே நிமிஷம்.

மூணு கதவா! கண்ணாடி வேறயா! நல்லா இருக்கு... நல்லாத்தான் இருக்கு. ஆனா இது இன்னிக்கு என் வாசல்ல வந்து நிக்குதே, ஏன் தெரியுமா? நான் சொன்னது மாடில வாடகைக்கு இருக்கிற அந்த மனுஷன் மண்டையில ஏறல. அதான். நான் 'போங்க'ன்னு சொன்னேன் தம்பி. அவர் போய் அலமாரி வாங்கிட்டு வந்திருக்காரு!

நான் ஒண்ணும் பேசத் தெரியாதவன் இல்ல, பாத்துக்குங்க. பம்பு கம்பெனில முப்பத்தோரு வருஷம். பம்பு வாங்கினா பெட்டிக்குள்ள ஒரு தாள மடிச்சுப் போட்டிருப்பாங்க இல்ல, எப்படி மாட்டறது, எப்படிப் போடறதுன்னு? அத எழுதினவன் நான். நீங்க படிச்சிருக்க மாட்டீங்க. யாரும் படிக்கிறதில்ல, அது வேற விஷயம். புதுசா சேர்றவங்களுக்கு வகுப்பு எடுக்கிறதும் நான்தான். முதல் நாள், முதல் வார்த்தை, என்ன சொல்வேன் தெரியுமா? 'விஷயத்த முதல்ல சொல்லு, காரணத்த அப்புறம் சொல்லு.' அவ்வளவுதான்! அத விளக்கிச் சொல்ல ஒரு வாரம் ஆகும், ஆனா அவ்வளவுதான். கம்பெனில எனக்குப் பேரே 'சுருக்கம் சார்'. 'சுருக்கம் சார் வர்றாரு'ன்னா கேன்டீன்ல பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிடுவாங்க. அவ்வளவு மரியாதை.

என்ன, வண்டில ஆள் காத்திருக்காரா? இருக்கட்டும், நிழல்லதானே நிக்குது வண்டி. விஷயத்துக்கு வர்றேன்.

எனக்கு ஒரே பொண்ணு. கல்யாணமாகி ஏழு வருஷம். அஞ்சு வயசுல ஒரு பேத்தி. வெளியூர்ல இருக்காங்க. போன் பண்ணினா எப்பவும் அவ அம்மாகிட்டதான் பேசுவா. போன மாசம் ஒருநாள், 'அப்பாகிட்ட குடு'ன்னாளாம். வாங்கினேன். 'அப்பா, நானும் குழந்தையும் அங்க வந்துடறோம். திரும்பிப் போறதா இல்ல. மாடி எனக்கு வேணும்.' அவ்வளவுதான். ஏம்மா, எதுக்கும்மான்னு நான் கேக்கிறதுக்குள்ள வச்சுட்டா.

மூணே வாக்கியம்... அந்தத் தாள எழுதின எனக்கே அப்படி எழுத வராது, தம்பி.

அதுக்கு முன்னாடியும் ரெண்டு வருஷமா என்னமோ சொல்லிட்டுத்தான் இருந்திருக்கா போல. 'இங்க வெயில் ஒத்துக்கலப்பா'ம்பா. 'ராத்திரி தூக்கமே வரலப்பா'ம்பா. நான் வெயிலுக்கு என்ன செய்யணும், ஜன்னல எந்தப் பக்கம் திறந்து வைக்கணும்னு ஒரு மணி நேரம் சொல்லுவேன். 'சரிப்பா'ன்னு கேட்டுக்குவா. அவ வெயிலப் பத்திச் சொல்லலைங்கிறது எனக்கு எங்க... சரி விடுங்க. அது வேற கதை.

இங்கயே கீழ இருக்கலாமேங்கிறீங்களா? எப்படி! ஒரே ஒரு ரூம். நானும் எங்க வீட்டம்மாவும் திரும்பிப் படுத்தாலே இடிச்சுக்கிறோம். மாடிதான் ஒரே வழி. சனிக்கிழமை வர்றா. இன்னிக்கு என்ன? புதன். பாத்துக்குங்க.

எங்க வீட்டம்மா அன்னிக்கே சொல்லிட்டா. 'மேல போங்க. எங்க பொண்ணு வர்றா, மாடி வேணும், ஒரு மாசத்துல காலி பண்ணிக் குடுங்கன்னு சொல்லுங்க. சொல்லிட்டுக் கீழ எறங்கி வாங்க'ன்னா. ஏம்மா, அப்படி மொட்டையாவா சொல்லுவாங்க? நாலு வருஷமா இருக்கிறவங்க. மேல கைக்குழந்தை வேற இருக்கு. ஒரு முன்னுரை வேணாமா? போனேன். உக்காந்தேன். டீ குடுத்தாங்க. இந்த வீட்ட நான் எப்படிக் கட்டினேன், மண்ணு எடுத்தப்ப அடியில பாறை வந்தது, கொத்தனார் பாதியில ஓடிப் போனது, எல்லாம் சொல்லிட்டு வர்றேன். அப்படியே மாடி கட்டின கதைக்கு வந்து, மாடிலேருந்து பொண்ணுகிட்ட வந்துடலாம்னு கணக்கு. மாடிக்கு வர்றதுக்குள்ள குழந்தை அழ ஆரம்பிச்சிடுச்சு. சரி, ஜாடையா சொல்லிட்டுக் கிளம்புவோம்னு, சுவத்தத் தடவிப் பாத்து, 'என்ன மாஸ்டர், சுவரெல்லாம் இப்படி உதிருதே, இனிமே இங்க இருக்கப்போற குழந்தைக்கு இது ஆகுமா?'ன்னேன். நான் சொன்னது என் பேத்தியத் தம்பி! அந்தம்மா, மாஸ்டரோட சம்சாரம், அவங்க குழந்தைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, 'எங்க அப்பா கூட இப்படி யோசிக்க மாட்டாரு சார்'ன்னுட்டாங்க.

மறுநாள் பெயின்டரக் கூட்டிட்டு வந்தது யாருங்கிறீங்க? நான்தான். பின்ன, வாயைக் குடுத்துட்டேன்ல. கலர் அவங்கதான் பாத்துச் சொன்னாங்க. இளம்பச்சை.

எங்க வீட்டம்மா ரெண்டு நாள் என்கிட்ட பேசவே இல்ல. சரி, பேசினாத்தானே தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க, எழுதிக் குடுத்துடுவோம்னு உக்காந்தேன். மூணு பக்கம். சும்மா சொல்லக் கூடாது, என் சர்வீஸ்ல அப்படி ஒரு லெட்டர் எழுதினதில்ல. மூணாம் பக்கத்துல, கடைசிக்கு முந்தின பத்தில, 'எனவே'ன்னு ஆரம்பிச்சு விஷயம் வந்துடும். முதல் பக்கம் பூரா பழக்கவழக்கம். 'உங்களை வாடகைக்கு இருப்பவர்கள் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை'ன்னு எழுதியிருந்தேன். மாஸ்டரோட சம்சாரம் முதல் பக்கம் படிச்சே அழுதிட்டாங்க. ரெண்டாம் பக்கமே திருப்பல! இப்ப மேல போனா நீங்களே பாக்கலாம், ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்காங்க. முதல் பக்கத்த மட்டும்.

சிரிக்காதீங்க தம்பி. சனிக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு.

இதுக்கு நடுவுல பொண்ணு ரெண்டு தடவை போன் பண்ணிட்டா. 'அப்பா, மாடில இருக்கிறவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?' சொல்லிட்டேம்மான்னேன். பொய்யா? சொன்னேன்ல! 'அவங்க என்ன சொன்னாங்க?'ன்னா. ரொம்ப சந்தோஷப்பட்டாங்கம்மான்னேன். அதுவும் பொய் இல்ல.

மூணாவது தடவைதான் இந்த அலமாரி. போன ஞாயித்துக்கிழமை. இனி முன்னுரையும் வேணாம் ஒண்ணும் வேணாம், நேரா விஷயம்னு முடிவு பண்ணிட்டுத்தான் படியேறினேன். அந்தப் படி திரும்பற இடம் இருக்கு பாருங்க, அங்க வந்ததும் மூச்சு வாங்கிச்சு. வயசாச்சுல்ல. நின்னேன். நின்னா யோசனை வரும், யோசனை வந்தா... சரி. உள்ள போனா நாற்காலி மேல துணி, கட்டில் மேல துணி, குழந்தையோட சாமான் தரையெல்லாம். நான் சொன்னேன், 'மாஸ்டர், குழந்தைன்னு ஆகிப் போச்சு, சாமான் சேந்து போச்சு. இந்த இடம் உங்களுக்குப் பத்தாது. இதுக்கு ஒரு வழி பண்ணிடுங்க.' இதுக்கு மேல எப்படித் தெளிவா சொல்றது? சொல்லுங்க. இத உங்ககிட்ட யாராவது சொன்னா என்ன பண்ணுவீங்க? வேற வீடு பாப்பீங்கதானே?

என்ன?... அலமாரி வாங்குவீங்களா? நீங்களுமா!

சரி, சரி. ஆனா அவரும் முழு மக்கு இல்ல, அதையும் சொல்லிடணும். இன்னிக்குக் காலைல வேலைக்குக் கிளம்பி எறங்கி வந்தாரு. இதே படி. இங்கதான் நின்னாரு. வண்டிச் சாவியக் கைல வச்சு உருட்டிக்கிட்டே, 'சார், நேராவே கேட்டுடறேன். தப்பா எடுத்துக்காதீங்க. மத்தியானம் அலமாரி வருது, நானும் வந்துடுவேன், அதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிறது நல்லதுன்னு கேக்கிறேன். நாங்க காலி பண்ணணும்னு நினைக்கிறீங்களா?'ன்னாரு.

நான் என்ன சொன்னேனா?

அது... அவர் அப்படிப் பொசுக்குன்னு கேட்டுட்டாரு. எங்க வீட்டம்மா வேற உள்ள ஜன்னல்கிட்ட நின்னுட்டிருக்கா... 'சேச்சே'ன்னேன்.

என்ன அப்படிப் பாக்கிறீங்க? 'சேச்சே, யாரு சொன்னா உங்களுக்கு? எத்தனை வருஷம் வேணும்னாலும் தாராளமா இருங்க'ன்னேன். வாய் அதுவா சொல்லிடுச்சு தம்பி! முகத்துக்கு நேரா கேட்டா எப்படிச் சொல்றது? நாமளா எடுத்துச் சொன்னா அதுல ஒரு பக்குவம் இருக்கும். எதிராளி கேட்டு நாம ஆமான்னா வெட்டிப் பேசின மாதிரி ஆயிடாதா? உள்ள போனா எங்க வீட்டம்மா என் தட்ட ணங்குன்னு வச்சா. அவ விஷயத்த முதல்ல சொல்ற ரகம். காரணத்த நாம தேடிக்கணும்.

அதனால நீங்க என்ன பண்றீங்க, இந்த அலமாரிய கொஞ்சம்... தம்பி? தம்பி! எங்க போயிட்டாரு? இப்ப இங்கதானே...

அய்யய்யோ, மேல ஏறிட்டாரா! வேணாம்ப்பா, நான் பக்குவமா... கதவத் தட்டிட்டாரு. 'சார், உங்க ஓனரோட பொண்ணு சனிக்கிழமை வருதாம். மாடி வேணுமாம். அலமாரிய ஏத்தறதா, திருப்பி எடுத்துட்டுப் போறதா?'... அடப்பாவி! ஒரே மூச்சுல சொல்லிட்டானே!

இதோ, அவரே எறங்கி வர்றாரு.

என்னது, எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாரா? சரி... சரி தம்பி, பாத்துத் தூக்குங்க, கண்ணாடி. கேட்டுல இடிக்காம, சாச்சுக் கொண்டு போங்க. ரொம்ப... ம். ரொம்ப நன்றி.

வாங்க மாஸ்டர். வாங்கம்மா. குழந்தையத் தூக்கிட்டு ஏன் வெயில்ல...

ஆமா.

ஆமா, சனிக்கிழமை.

ஆமா... இல்ல, திரும்பிப் போகலையாம். பேத்தியும்தான்.

ஆமா மாஸ்டர். மாடிதான் வேணும்.

ஏய், உள்ள கேக்குதா? சொல்லிட்டேன்! நானேதான் சொன்னேன்!

சேச்சே, மன்னிப்பெல்லாம் எதுக்கு, நீங்க என்ன தப்புப் பண்ணினீங்க? ஒரு வாரத்துல போயிடறீங்களா? உங்க மச்சினர் வீட்டுலயா... அங்க இடம் இருக்கா? ஹால்லயா? கைக்குழந்தைய வச்சுக்கிட்டு ஹால்லயா படுப்பீங்க? என்னம்மா நீங்க, கண்ணத் துடைச்சுக்குங்க. அழக் கூடாது. இங்க பாருங்க, நான் சொன்னது என்னன்னா... விஷயம் என்னன்னா, மாடி வேணும், வாஸ்தவம். ஆனா வேணும்னா, உடனே வேணும்னு இல்ல. அவளும் நம்ம வீட்டுப் பொண்ணுதான், நீங்களும் நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிதான். நாலு நாள் முன்னப்பின்ன ஆனா கீழ நாங்க கொஞ்சம் ஒடுங்கிப் படுத்துக்க மாட்டோமா? பச்சப் பிள்ளைய வச்சுக்கிட்டு நீங்க எதுக்கு ஒருத்தர் வீட்டு ஹால்ல போய்க் கஷ்டப்படணும்? நான் இருக்கேன்ல? எதுக்கும் ஒரு நேரம் காலம் இருக்கு. அத நீங்க சரியாப் புரிஞ்சுக்கணும். புரியுதா?

அப்பாடா. இப்பத்தான் உங்க முகத்துல சிரிப்பே வருது. பாத்தீங்களா, எடுத்துச் சொல்ற விதமா சொன்னா எல்லாருக்கும் புரியும்.

என்ன மாஸ்டர், எதுக்குக் கேட்டுப் பக்கம் ஓடறீங்க? வண்டி போகட்டும், அவங்களுக்கு ஆயிரம் வேலை... எதுக்குக் கையத் தட்டறீங்க?

தம்பி! ஏம்ப்பா! அந்த அலமாரிய எதுக்கு மறுபடி எறக்கறீங்க?