அண்ணன் தலைமாட்டுக் கடிவாளம்

நெருப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். இது என் கூட்டாளியின் பெரியப்பா அஸ்பதாவுக்கு நடந்தது. நடுச்சாமம்... நம் எல்லிப்பி நாட்டு மலைக் கணவாய்... ஒரு நாய்கூட இல்லாத பாதை.

ராஜா செத்து, மகன்கள் இருவரும் பட்டத்துக்கு அடித்துக்கொண்ட வருஷம். ஒருவன் பக்கத்து நாட்டு ஏலாமியரைத் துணைக்குக் கூப்பிட்டான், இன்னொருவன் அசீரியரைக் கூப்பிட்டான். நாசமாய்ப் போனது நாம்தான். அஸ்பதா அசீரியர் பக்கம், அவன் அண்ணன் அர்துகா எதிர்ப்பக்கம். அன்று பகல் சண்டையில் அஸ்பதாவின் கோடரி அண்ணன் தாடையைப் பிளந்தது. பாவி, அழுதுகொண்டே புதைத்தான். நம் வழக்கப்படி தலைக்கு அடியில் கடிவாளம் வைத்துத்தான் புதைத்தான். செத்தவன் சவாரி போக வேண்டுமே.

இருட்டியதும் சேதி வந்தது. அசீரியர்கள் வேண்டியவன், வேண்டாதவன் பார்க்காமல் ஊர் ஊராகக் கொளுத்துகிறார்கள். அடுத்தது அஸ்பதாவின் ஊர். அங்கே மனைவி ஷிம்தி, நாலு வயது மகன். அவன் குதிரையோ மகா முரடு, அதன் கடிவாளமும் சண்டையில் உடைந்து போயிருந்தது.

குழியைத் தோண்டினான். ஈர மண், ரத்த வாடை... தலையைத் தூக்கியபோது தாடை 'களக்' என்று தொங்கியது. வெண்கலக் கடிவாளத்தில் முடி ஒட்டியிருந்தது. அண்ணன் மார்பில் கால் வைத்து இழுத்தான்.

"கோவிச்சுக்காதே அண்ணே. புள்ளையைக் காப்பாத்திட்டுத் திருப்பிக் கொண்டாந்து வெச்சிடறேன்."

மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் பாய்ந்தான். வழியில் மறித்த அசீரியன் ஒருவனைக் குதிரைக் காலில் போட்டு மிதிக்கவிட்டான். எலும்பு நொறுங்கிய சத்தம்... அது அடங்கிய பிறகு, பின்னால் வேறு சத்தம். குளம்பு. திரும்பினான்... யாரும் இல்லை. சத்தம் அவனைத் தாண்டி முன்னே போனது. ஈர மண் வாடை அடித்தது.

ஊர் எரியவில்லை. அப்பாடா என்று கதவைத் தட்டினான். ஷிம்தி விளக்கோடு வந்தாள்.

"பையனைக் கெளப்புடி. சீக்கிரம்."

"என்னங்க நீங்க, இப்பத்தானே உங்க அண்ணன் வந்து தூக்கிட்டுப் போனாரு. அசீரியன் வர்றான், முதல்ல புள்ளையைக் குடுன்னாரு. முகத்தைத் துணியால கட்டியிருந்தாரு, பேச்சு குழறிக் குழறித்தான் வந்துச்சு."

அஸ்பதா குதிரையிடம் ஓடினான். ஷிம்தி பின்னாலேயே வந்து சொன்னாள்.

"கடிவாளம் இல்லாத குதிரையில எப்படிப் போவீங்கன்னு கேட்டேன். 'தம்பி கொண்டாந்து தர்றேன்னு சொல்லியிருக்கான்'னாரு."

வந்த வழியே பறந்தான். விடியும் நேரம் குழிமேட்டை அடைந்தான். மூடிய மண் மூடியபடியே இருந்தது. வெறும் கையால் தோண்டினான்.

அண்ணன் தலைக்கு அடியில் மகன் படுத்திருந்தான். மூச்சு இல்லை. உடம்பில் சூடு இன்னும் ஆறவில்லை...